பிறப்புரிமைப் பல்வகைமை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை மாற்றிக்கொள்ளும் வீடுகளிலும், ஆட்டுப்பட்டிகளிலும், மீன் இறங்கும் கரைகளிலும், உயிரியல் வகுப்புகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் விளக்கியதை இன்னோரிடத்தில் திரும்ப எழுதவில்லை.

பிறப்புரிமைப் பல்வகைமை எண்டா என்ன? உயிர்ப் பல்வகைமை எண்டு சொல்லுறதும் இதுதானே?

அதில் இது ஒரு பகுதி. புறாத்தீவைச் சுற்றி எத்தனை வகை மீன், எத்தனை வகைப் பவளம் என்று எண்ணினால் அது இனங்களின் பல்வகைமை. ஒரே இனத்துக்குள், ஒரே கூட்டத்துக்குள், ஓர் உயிர் மற்றதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால் அது பிறப்புரிமைப் பல்வகைமை.

ஒவ்வொரு பரம்பரையலகும் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மரபணு) தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வருகிறது. ஒரே பரம்பரையலகுக்குப் பல வடிவங்கள் இருக்கலாம். நம்முடைய பாடப்புத்தகம் அவற்றை எதிருருக்கள் என்கிறது. ஏ, பீ, ஓ இரத்த வகைகள் அப்படி வருபவைதான். ஒரு கூட்டத்தில் எத்தனை எதிருருக்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதே அளவு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், பல வருடம் ஒரே வீட்டில் பேணிய பழைய விதைநெல்லில் ஒரு பிடியைச் சுளகில் பரப்புங்கள். சில மணிகளின் நுனியில் கூர் நீண்டிருக்கும், சிலதில் இராது. உமி சிலதில் வைக்கோல் நிறம், சிலதில் கபிலம். சான்றுப்படுத்திய விதைநெல்லைப் பக்கத்தில் கொட்டினால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இதைவிடப் பல மடங்கு. உப்பைத் தாங்குவதும் தத்திப் பூச்சியைத் தாங்குவதும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நெல்லெல்லாம் நெல்லுதானே, மாடெல்லாம் மாடுதானே. வேறுபாடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

எல்லாம் ஒரே மாதிரி என்றால் ஒரு நோய்க்கு எல்லாம் ஒரே மாதிரி விழும். அயர்லாந்தில் ஏழைகள் நம்பியிருந்தது பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே உருளைக்கிழங்கு வகையை. கிழங்கிலிருந்து கிழங்கு நட்டதால் வயல் முழுக்க ஒரே செடியின் பிரதிகள். 1845 இல் வெளிறல் நோய் வந்தது. அடுத்த சில வருடங்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். 1970 இல் அமெரிக்காவில் சோளத்துக்கு இலை வெளிறல் வந்தபோது, அங்கே பயிரிட்ட சோளத்தில் பெரும்பகுதி ஒரே தாய்வழியில் உண்டாக்கப்பட்ட விதை. அந்த ஒரே வருடத்தில் நாட்டின் சோள விளைச்சலில் 15 வீதம் போனது.

மறுபக்கமும் உண்டு. 1970களில் புல்குட்டை வைரசு ஆசியாவின் நெல்லைத் தாக்கியபோது, பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாங்கும் சக்தி கிடைத்தது இந்தியாவிலிருந்து சேர்த்த ஒரேயொரு காட்டு நெல் மாதிரியில். அந்தப் புல்லை யாராவது களை என்று பிடுங்கி எறிந்திருந்தால் அதுவும் இல்லை.

எங்கட பட்டியில நூறு ஆடு நிக்குது. எண்ணிக்கை இருந்தா பயமில்லைதானே?

அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். எண்ண வேண்டியது தலைகளை அல்ல, அடுத்த தலைமுறைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் நிற்பவற்றை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. கிடாய்களின் எண்ணிக்கையை மறிகளின் (பெண் ஆடுகளின்) எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, கிடாயும் மறியும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். வருவது பட்டியின் பயனுள்ள பருமன்.

1 கிடாய், 20 மறி என்றால் 80 ஐ 21 ஆல் வகுக்க 3.8. மறியை 100 ஆக்கினாலும் 400 ஐ 101 ஆல் வகுக்க 3.96 தான். எத்தனை மறி சேர்த்தாலும், கிடாய் ஒன்றென்றால் 4 ஐத் தாண்டவே தாண்டாது. அதே 20 மறிக்கு 4 கிடாய் நின்றால் 13.3.

பயனுள்ள பருமனை இரண்டால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால், ஒரு தலைமுறையில் இரத்த உறவுக் கலப்பு எவ்வளவு ஏறும் என்று தெரியும். ஒரு கிடாய்ப் பட்டியில் தலைமுறைக்கு 13 வீதம். நான்கு கிடாயில் 4 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. தலைமுறைக்கு 1 வீதத்துக்குள் நிறுத்துவதே உலகெங்கும் கால்நடை வளர்ப்பில் வைக்கும் இலக்கு. அதற்குப் பயனுள்ள பருமன் 50 வேண்டும்: 14 கிடாயும் 120 மறியும். ஒரு வீட்டால் முடியாது. ஊராகச் சேர்ந்தால் முடியும்.

அப்ப ஒரு கிடாயை எவ்வளவு காலம் வைச்சிருக்கலாம்?

அதன் மகள்கள் கிடாய் தேடும் வயதுக்கு வரும் வரை. மறி 6 முதல் 8 மாதத்தில் பருவத்துக்கு வரும். சினைக்காலம் 5 மாதம். ஆகவே புதிய கிடாய் பட்டிக்குள் வந்து ஒரு வருடம் கழிய அதன் மகள்கள் தயாராகத் தொடங்கும். அதற்குள் கிடாயை மாற்றிவிடுங்கள். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில் இரத்த உறவுக் கலப்பு 25 வீதம். அதன் அடையாளம் முதலில் கண்ணுக்குத் தெரியாது. இரட்டைக் குட்டி குறையும், பிறந்த குட்டி நிறை குறையும், மழைக்காலத்தில் சளியில் சாகும் குட்டி கூடும். தீனி சரியில்லை என்றே நினைப்பீர்கள்.

காசு செலவழிக்காத வழி கிடாய்ச் சுற்று. நான்கு வீட்டார் சேர்ந்து, முதல் வீட்டுக் கிடாய் இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது நான்காவதுக்கு, நான்காவது முதலாவதுக்கு என்று எப்போதும் ஒரே திசையில் நகர்த்துங்கள். திசையை மாற்றினால் சுற்றின் பயன் போய்விடும். கிடாய்க் குட்டிகளை 3 மாதத்தில் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரியுங்கள். வெளியிலிருந்து வரும் கிடாயை 3 கிழமை தனியாகக் கட்டி, கழிச்சல், வாய்ப்புண், சொறி இருக்கிறதா என்று பார்த்த பின்பே பட்டிக்குள் விடுங்கள்.

மாட்டுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல்தான் செய்விக்கிறம். அதுல இந்தப் பிரச்சினை வராதுதானே?

வரும். ஒரே காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் விந்துக் குழலில் எழுதியிருக்கும் காளை இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். பிறந்த நாகு பசுவானதும் அதே இலக்கத்தை அதற்குப் போட விடாதீர்கள். இலக்கம் எழுதாத பட்டியில் அப்பன் யார், மகள் யார் என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

கோட்டை வாசல்ல நிக்கிற மான்களெல்லாம் நல்லாத்தானே இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?

பிரட்றிக் கோட்டையிலும் கோணேசர் கோயில் வீதியிலும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் நாம் தினமும் காணும் பாடம். கோட்டை முனைக்கு மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் நகரம். காட்டு மான் வந்து கலக்க வழி மிகக் குறைவு. புள்ளிமானில் பலமான சில ஆண் மான்கள்தான் பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன். ஆகவே ஆட்டுப்பட்டிக் கணக்கு இங்கும் பொருந்தும்: தெருவில் நிற்கும் தலைகளை விடப் பயனுள்ள பருமன் மிகச் சிறியது.

இப்படி ஒதுங்கிப்போன கூட்டத்துக்கு என்ன நடக்கும் என்பதற்குப் அமெரிக்காவில் புளோரிடாவின் பூமாக்கள் சாட்சி. பூனைக் குடும்பத்தில் பெரிய உடலுள்ள ஓர் இனம். 1990களின் தொடக்கத்தில் 20 முதல் 30 வரைதான் மிஞ்சியிருந்தன. வால் நுனி முறுகியது, இதயத்தில் ஓட்டை, ஆண்களில் விரை இறங்காமை எல்லாம் சாதாரணமாகிவிட்டன. 1995 இல் டெக்சாசிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் 5 குட்டி போட்டன. சில வருடங்களில் எண்ணிக்கை மும்மடங்காகி, குறைபாடுகளும் குறைந்தன. தலைமுறைக்கு ஒன்றிரண்டு வெளி உயிர் வந்து பெருகினாலே ஒரு கூட்டம் தாக்குப்பிடிக்கும் என்பது பொது விதி. அதற்காக யாரும் காட்டிலிருந்து மான் பிடித்துக் கொண்டுவந்து விடக் கூடாது. வனசீவராசிகள் திணைக்களம் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. நம் கையில் இருப்பது, பொலித்தீன் பையைத் தெருவில் போடாமல் இருப்பதும், வீதியில் வாகனத்தை மெதுவாக ஓட்டுவதும். இவ்வளவு சிறிய கூட்டத்தில் சாகும் ஒவ்வொரு மானும் வேறெங்கும் இல்லாத எதிருருவைக் கொண்டுபோகக் கூடும்.

விதைக்கு எத்தனை செடியில இருந்து எடுக்கோணும்? நல்லா விளைஞ்ச ஒண்டு போதாதா?

பயிரைப் பொறுத்தது. நெல், பயறு, கௌபி எல்லாம் தன் பூவுக்குள்ளேயே தான் கருக்கட்டுபவை. ஒரு செடியின் பிள்ளைகள் தாயைப் போலவே வரும், உறவுக் கலப்பால் நலியா. ஆனால் பழைய நெல் என்பது பல கோடுகளின், அதாவது தாயைப் போலவே வரும் தனித்தனி வம்சங்களின், கலவை. ஒரேயொரு கதிரை எடுத்தால் அந்தக் கலவையில் ஒரு கோட்டைத்தான் எடுத்தீர்கள். வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வளைந்து வளைந்து நடந்து, நூறு பூண்டிலிருந்து ஒவ்வொரு கதிராக அறுங்கள். வரம்போரம் 3 மீற்றர் விடுங்கள், பக்கத்து வயல் மகரந்தம் அங்கேதான் விழும். உயரம் வேறு, நிறம் வேறு என்று எல்லாவற்றையும் பிடுங்கி எறியாதீர்கள். நோய் பிடித்ததையும், வேறு வகை என்று திட்டமாகத் தெரிந்ததையும் மட்டும் அகற்றுங்கள்.

சோளமும் பூசணியும் வேறு சங்கதி. மகரந்தம் பிற செடியிலிருந்து வர வேண்டியவை. நான்கைந்து சோளப் பொத்தியில் விதை எடுத்துக்கொண்டே போனால் மூன்றாம் நான்காம் போகத்தில் செடி குட்டையாகும், பொத்தி நிரம்பாது. குறைந்தது 200 செடி நட்டு, அதில் நூறு செடியிலிருந்தாவது பொத்திக்குக் கொஞ்சமாக விதை எடுத்துக் கலக்க வேண்டும். பூசணிக்கு வேறு வேறு கொடியில் காய்த்த பத்துப் பன்னிரண்டு காய். ஒரு வீட்டில் இவ்வளவு கொடி இல்லையென்றால் மூன்று வீட்டு விதையைச் சேருங்கள்.

றெட் லேடி பப்பாசி விதையைப் போட்டா ஏன் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி வருது?

அது முதல் தலைமுறைக் கலப்பு விதை. வேறுபட்ட இரண்டு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கியது. அந்த மரமெல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பெற்றோரின் எதிருருவும் இருக்கும். அடுத்த தலைமுறையில் அவை பிரிந்து வேறு வேறு சேர்க்கையாக வெளிவருகின்றன. விதை கெட்டுப்போகவில்லை. ஒரே மாதிரியான தோட்டம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும்.

அப்ப பழைய நெல்லையே போடச் சொல்லுறீங்களோ? விளைச்சலுக்கு எங்க போறது?

இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விதைப்பவர் பீஜி 352 என்ற புதிய நெல்லை விட்டுவிட்டுப் பச்சைப்பெருமாள் என்ற பழையதை மட்டும் விதைக்கச் சொல்வது அவருடைய பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைப்பது. ஆனால் புதிய வகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1958 இல் வெளிவந்து நாட்டின் விளைச்சலை உயர்த்திய எச் 4, முருங்கைக்காயன் என்ற நம் பழைய நெல்லையும் மாசு என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து உண்டானது. கபிலநிறத் தத்தியைத் தாங்கும் பரம்பரையலகுக்காக உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்தது இலங்கையின் ரத்து ஹீனெட்டியை. பழையது இல்லாமல் அடுத்த புதியது இல்லை.

நடைமுறையில் இரண்டு வேலை. ஒன்று, ஒரு வயல்வெளியில் எல்லோரும் ஒரே வகையை விதைக்காதீர்கள். தண்ணீர் விடும் நாள் ஒன்றென்பதால் வயது ஒத்துப்போக வேண்டும். மூன்றரை மாதமென்றால் எல்லாம் மூன்றரை மாதமாக, ஆனால் பெற்றோர் வேறான இரண்டு மூன்று வகையாகப் பிரித்து விதையுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எது எதோடு உறவு என்று சொல்வார். இரண்டு, பழைய நெல் வைத்திருப்பவர் பெரும்போகத்தில் அரைப் பரப்பாவது விதைத்து விதையைப் புதுப்பியுங்கள்.

வாழை, மரவள்ளி, ஒட்டுமா எல்லாம் விதையில்லாமத்தானே நடுறம்?

ஆம், அவை ஒரே உயிரின் பிரதிகள். கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று எத்தனை நட்டாலும் பிறப்புரிமைக் கணக்கில் ஒரே மரம். உலகச் சந்தையில் விற்ற குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1960களுக்குள் தோட்டங்களிலிருந்து துடைத்தெடுத்தது. அதற்குப் பதிலாக வந்த கவெண்டிசையும் அதே பூஞ்சணத்தின் புதிய வடிவம் இப்போது தாக்குகிறது. வளவில் கதலியோடு கப்பல், மொந்தன் என்று கலந்து வையுங்கள். மாவில் ஒட்டு நான்குக்கு விதைக்கன்று ஒன்றாவது நில்லட்டும்.

கண்டல் நடப் போறம். கன்று எந்த மரத்தில எடுக்கிறது?

கைக்கெட்டும் ஒரே மரத்தில் நூறு பிடுங்குவதுதான் வழக்கமான பிழை. குறைந்தது 30 தாய்மரத்திலிருந்து, மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, ஒன்றில் சிலவாக எடுங்கள். பழத்துக்கும் நீண்ட முளைக்கும் இடையில் மஞ்சள் வளையம் தெரிந்து, தொட்டவுடன் கழன்று வருவதே முற்றியது. இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் நடுவதற்குக் கொட்டியாரக் குடாவின் மரங்களிலேயே எடுங்கள். அந்த உப்புக்கும் சேற்றுக்கும் பழகிய வித்து அது.

பவளத்திலும் இதே கதைதான். மான்கொம்புப் பவளம் முறிந்து விழுந்த துண்டிலிருந்தும் வளரும், அது தாயின் பிரதி. ஒரே கூட்டின் துண்டுகளால் பாறை முழுவதையும் நிரப்பினால், முட்டையும் விந்தும் கடலில் விடும் இரவில் அவை தமக்குள் பெரும்பாலும் கருக்கட்டா. பாறை பசுமையாகத் தெரியும், குஞ்சு வராது.

கடல் எவ்வளவு பெரிசு. மீனுக்கும் இது குறையுமோ?

குறையும். களவாவை எடுங்கள். களவா இனங்கள் பலவும் பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பின் ஆணாக மாறுபவை. பெரிய களவாவுக்கே விலை என்று அதையே குறிவைத்துப் பிடித்தால் போவது ஆண்கள். மிஞ்சுவது ஒரு கிடாய்ப் பட்டி.

இன்னொன்று, எந்த அளவைப் பிடிக்கிறோமோ அந்த அளவுக்கு எதிராக மீன் மாறும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் கொட் மீன் சரிந்து 1992 இல் பிடிப்பதையே நிறுத்தினார்கள். சரிவதற்கு முன்பே அந்த மீன்கள் இளவயதிலும் சிறிய உடலிலும் சினைக்கத் தொடங்கியிருந்தன. பெரிதாகி வளர்ந்தவை வலையில் போக, சீக்கிரம் சினைத்தவையே பிள்ளை விட்டதால் வந்த மாற்றம் அது.

மச்சான் மச்சாளுக்குள்ள கலியாணம் செய்தா பிள்ளைக்குக் குறை வரும் எண்டுறாங்கள். உண்மையோ?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டிய கேள்வி. உறவில்லாத பெற்றோருக்குப் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 2 முதல் 3 வீதம். மாமன் மகள், அத்தை மகன் போன்ற முதல் உறவில் அது ஏறத்தாழ இரட்டிப்பு, 4 முதல் 6 வீதம். அதாவது நூற்றில் 94 க்குக் குறையாத பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. இதே வழக்கம் பல தலைமுறையாகத் தொடர்ந்த குடும்பத்தில் வாய்ப்பு இன்னும் ஏறும்.

உறவோ இல்லையோ, கலியாணத்துக்கு முன் இருவரும் பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காவி என்பவருக்கு நோய் இல்லை, பழுதான பிரதி ஒன்று மட்டும் இருக்கிறது. இருவரும் காவியென்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்குத் தலசீமியா நோய் வராது.

வெளி இரத்தம் கலந்தா எப்பவும் நல்லதுதானே?

எப்போதும் அல்ல. செக்கோசிலோவாக்கியாவின் தத்ரா மலையில் வாழ்ந்த மலையாடுகளோடு துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் ஆடுகளைக் கலந்தார்கள். கலப்பு ஆடுகள் முன்கூட்டியே இணைந்து, பனி உறையும் நடுக்குளிரில் குட்டி போட்டன. கூட்டமே அழிந்தது. சூடான நாட்டின் காலக்கணக்கு அந்த மலைக்குப் பொருந்தவில்லை.

நம் பட்டிகளுக்கும் இது பொருந்தும். ஜமுனாபாரிக் கிடாயால் குட்டியின் உடல் கூடும். ஆனால் ஊர் மறிகளை எல்லாம் அதற்கே விட்டால், வறட்சியில் முள்ளுச் செடி தின்று வாழும் ஊராட்டின் எதிருரு மூன்று நான்கு தலைமுறையில் கரைந்துவிடும். பாதி மறியை ஊர்க் கிடாய்க்கே வையுங்கள்.

ஒருக்கா குறைஞ்சு போனா திரும்ப வராதா?

எண்ணிக்கை வரும், எதிருரு வராது. வட பசிபிக்கின் யானைச் சீல்களை எண்ணெய்க்காக வேட்டையாடி, 1890களில் ஒரு சில பத்து மட்டுமே மிஞ்சின. இன்று இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன, ஆனால் பிறப்புரிமையில் ஏறத்தாழ ஒன்றைப்போல ஒன்று. இழந்த அளவுக்குப் புதிய எதிருருக்கள் தானாகத் தோன்றிச் சேர்வதற்குப் பல ஆயிரம் தலைமுறை தேவை.

முன்பே எடுத்து வைத்திருந்தால் மட்டும் வழி உண்டு. அமெரிக்காவின் கருங்கால் மரநாய்கள் அனைத்தும் 7 விலங்குகளின் வழித்தோன்றல்கள். அந்த ஏழில் சேராத ஒரு பெண்ணின் கலங்களை 1988 இல் உறையவைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அதிலிருந்து ஒரு குட்டியை உண்டாக்கினார்கள்.

எங்கட அம்மம்மா வைச்சிருந்த விதை கொஞ்சம் கிடக்குது. என்ன செய்யிறது?

முதலில் முளைதிறன் பாருங்கள். ஈரத்துணியில் நூறு விதையைச் சுருட்டி வைத்து, ஏழு நாளில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். 50 க்குக் கீழென்றால் காத்திருக்காமல் இந்தப் போகத்திலேயே விதையுங்கள். மேலென்றால், பாயில் இளவெயிலில் மூன்று நாள் உலர்த்துங்கள், சீமெந்துத் தரையின் கொதி கருவைக் கொல்லும். நெல்லைக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். ஈரம் ஒரு வீதம் குறைய விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 13 வீதத்துக்கு மேல் ஈரமிருக்கக் காற்றுப்புகாமல் அடைத்தால் புழுங்கிச் சாகும்.

மூன்று பங்காக்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், கழுத்துவரை நிரப்பிய போத்தலில். ஒன்று வேறு ஊரிலுள்ள உறவுக்காரரிடம், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகாதபடி. ஒன்று கமநல சேவை நிலையம் வழியாகக் கன்னொறுவையிலுள்ள தாவர மரபு வளங்கள் நிலையத்துக்கு. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் பென்சிலால் எழுதிய துண்டொன்று போடுங்கள், மைப்பேனை அழியும். அதில் எழுத வேண்டியவை: வீட்டில் சொல்லும் பெயர், எந்த ஊர், எந்தப் போகம், எத்தனை செடியில் எடுத்தது, யார் கையிலிருந்து வந்தது.